மாரியக்கா சொன்னால் குதிக்கணும்

சுடலைக்கு முத்துமாரியம்மாள் மேல் பதினாறு வருசத்துக் கோபம். சோற்றில் கிடக்கிற கல் மாதிரி, தினம் காலையில் ஒரு தடவை பல்லில் கடிபடுகிற கோபம்.

அவன் லோடு வேன் ஓட்டுகிறவன். சிவகாசி அச்சாபீசிலிருந்து அட்டைப்பெட்டியும் லேபிளும் ஏற்றிக்கொண்டு, எம். புதுப்பட்டிப் பக்கம் இருக்கிற பட்டாசுக் கம்பெனியில் இறக்குவான். அந்தக் கம்பெனிக் கேட்டில் முத்துமாரியம்மாள் நிற்பாள். எல்லோருக்கும் அவள் மாரியக்கா. உள்ளே போகிறவன் முதலாளி வீட்டு மாப்பிள்ளையாகவே இருக்கட்டும், செல்போன், பீடி, தீப்பெட்டி எல்லாவற்றையும் அவள் நீட்டுகிற நீல வாளியில் போட்டுவிட்டுத்தான் போகவேண்டும். மருந்து புழங்குகிற இடம், அதுவரை சுடலைக்கும் சம்மதம்தான். அதற்கு அப்புறம் அவள் ஒன்று சொல்லுவாள் பாருங்கள், அதைத்தான் அவனால் தாங்க முடியாது.

“ஒரு குதி குதி.”

பொம்பளை ஆட்களை அவள் தொட்டுத் தடவிச் சோதித்துவிடுவாள். ஆம்பளைகளைத் தொட முடியாது. அதற்கு அவளாகக் கண்டுபிடித்த வழி இது. மடியிலோ சட்டைக்குள்ளோ தீப்பெட்டி ஒளித்திருந்தால், குதிக்கும்போது குச்சி குலுங்கும். வேறு யார் காதிலும் விழாது, அவள் காதில் விழுந்துவிடும். சின்னப் பிள்ளையில் வீட்டில் உட்கார்ந்து தீப்பெட்டிக்கு அட்டை ஒட்டியவள். கல்யாணமாகி வந்த பிறகு தீப்பெட்டி ஆபீசில் நாள் முழுக்கப் பெட்டி அடைத்தவள். முழுப்பெட்டிச் சத்தம், அரைப்பெட்டிச் சத்தம், ஒற்றைக் குச்சிச் சத்தம் எல்லாம் அவளுக்கு அத்துப்படி.

சுடலை மீசைக்காரன். தொண்ணூறு கிலோ உடம்பு. ஆறாப்போடு பள்ளிக்கூடத்தை விட்டாலும் ரோட்டில் ஒருத்தனுக்கும் ஒதுங்காதவன். அவன் தினமும் அந்தக் கேட்டில் தவளை மாதிரி ஒரு குதி குதித்துவிட்டுத்தான் உள்ளே போனான்.

மகளுக்கு மாப்பிள்ளை பார்த்த வருசம் நடந்ததுதான் பெரிய கொடுமை. மாப்பிள்ளையின் அப்பா, பெண்ணைப் பெற்றவன் எப்படிப்பட்ட ஆள் என்று நேரில் பார்க்கச் சாத்தூரிலிருந்து கம்பெனிக்கே வந்துவிட்டார். எதிரே வேப்பமரத்தடியில் நின்றார். சுடலை அன்று மடிப்புக் கலையாத வெள்ளை வேட்டி கட்டியிருந்தான். “ஒரு நிமிசம், பில்லக் குடுத்துட்டு வாரேன்” என்று சொல்லிவிட்டு, நெஞ்சை நிமிர்த்திக் கேட்டுப் பக்கம் நடந்தான்.

“ஒரு குதி குதி.”

“யக்கா, இன்னைக்கு ஒருநா விட்ரு. அங்கன யாரு நிக்கான்னு பாரு.”

“யாரு நின்னா எனக்கென்ன? அவரு உள்ள வந்தா அவருந்தேன் குதிக்கணும்.”

குதித்தான். வேட்டி ஒரு பக்கம் நழுவியது. சம்பந்தியாகப் போகிறவர் துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். கல்யாணம் நல்லபடியாக நடந்து பேரனும் பிறந்துவிட்டான். இன்றைக்கும் எந்த விசேசத்துக்குப் போனாலும் அந்த மனுசன் வாசலில் நின்று, “வாங்க சம்பந்தி, குதிச்சாச்சா?” என்றுதான் கூப்பிடுகிறார்.

இந்தத் தை மாதம் மாரியக்காவுக்கு அறுபது. ஆதார் அட்டையில் இருக்கிற தேதிதான் அவளுக்குப் பிறந்தநாள், அதை வைத்துத்தான் கம்பெனியும் அவளை நிறுத்தியது. பொன்னாடை போர்த்தி, முதலாளி நாலு வார்த்தை பேசினார். “இருபத்தெட்டு வருசத்துல இந்தம்மாவைத் தாண்டி ஒரு தீக்குச்சி உள்ள வந்ததில்லை. இங்க நிக்கிற எல்லாரும் நல்லபடியா வீட்டுக்குப் போறோம்னா, அதுல இவுக பங்கு இருக்கு” என்றார். அவளைப் பேசச் சொன்னார்கள். “இது ஒண்ணுதேன் எனக்குன்னு நான் சம்பாரிச்சது” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். எல்லோரும் கை தட்டினார்கள். சுடலை தட்டவில்லை. இனிமேல் குதிக்க வேண்டாம் என்று மட்டும் நினைத்துக்கொண்டான்.

பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று அவள் மகன் கதிரவன் கோயம்புத்தூரிலிருந்து போனில் கேட்டான். சேலை, செயின் என்று ஏதாவது சொல்லுவாள் என்று பார்த்தால், வெம்பக்கோட்டை அணைக்கு நடுவில் இருக்கிற திட்டுக்குப் போகணும் என்றாள். மழை பெய்து தண்ணீர் ஏறினால் அந்த மேடு தனித் தீவாகிவிடும். இரண்டு பனைமரமும் கொஞ்சம் கருவேலமும் நிற்கும். கம்பெனி பஸ்சில் போகும்போதெல்லாம் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள்.

“அங்கன என்னம்மா இருக்கு?”

“ஒண்ணும் இல்லய்யா. அங்கன கேட்டு இல்ல.”

கதிரவனுக்கு அது பிடித்துவிட்டது. அப்படியானால் ஒரு ராத்திரி அங்கேயே தங்கி கேம்ப் போட்டுவிடலாம் என்றான். கேம்ப் என்றதும் மாரியக்காவின் வீட்டுக்காரர் சீனிச்சாமி, “கண்ணாடி இலவசமாக் குடுப்பாகளா?” என்று கேட்டார். அவர் சமையல் ஆள். ஊர்க் கல்யாணங்களுக்கெல்லாம் ஆக்கிப் போடுகிறவர், வீட்டில் அடுப்புப் பக்கம் திரும்பிப் பார்க்க மாட்டார். அதனால் மாரியக்கா இன்னொன்றும் கேட்டாள். “அன்னைக்கு உங்க அய்யாதேன் ஆக்கணும். நான் காலை நீட்டி உக்காந்துக்கிருவேன். சுடச்சுட எலையில வந்து விழணும்.” நாற்பது வருசக் குடித்தனத்தில் அவள் ஒருநாள்கூட உட்கார்ந்து பரிமாற வாங்கிச் சாப்பிட்டதில்லை.

மாரியக்காவின் கடைசி வேலை நாளான சனிக்கிழமை, சாயங்காலம் வேலை முடிந்ததும் கிளம்பினார்கள். கம்பெனி ஆட்களும் வீட்டு ஆட்களுமாகப் பத்துப்பேர். வேன் சுடலையுடையது. அவன் ஏன் போனான் என்றால், ஒன்று சீனிச்சாமியின் ஆட்டுக்கறிச் சாறு. இன்னொன்று, அந்தம்மா நிஜமாகவே கேட்டை விட்டுப் போய்விட்டாளா என்று கண்ணால் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அணையில் மீன் குத்தகை எடுத்தவர் பரிசலோடு நின்றார். நாலைந்து பேராகத்தான் ஏற்றுவேன் என்றார். தண்ணீர் மொள்ளக் கதிரவன் ஒரு புது வாளி வாங்கி வந்திருந்தான். நீல வாளி. மாரியக்கா அதைக் கையில் பிடித்துக்கொண்டு பரிசல் பக்கத்தில் நின்றாள். வெறுமனே நின்றாள், அவ்வளவுதான்.

முதலில் வந்தவன் லோடுமேன் சோலைச்சாமி. ஏதோ பேசிக்கொண்டே வந்தவன், பேச்சை நிறுத்தாமல் செல்போனையும் பீடிக்கட்டையும் தீப்பெட்டியையும் எடுத்து வாளியில் போட்டுவிட்டு ஏறினான். அவனுக்குப் பின்னால் வந்தவனும் போட்டான். பாக்கிங்கில் வேலை பார்க்கிற அய்யம்மாள் செல்போனைப் போட்டுவிட்டு, இரண்டு கையையும் விரித்து நின்றாள். மாரியக்காவும் அவள் இடுப்பைத் தடவிப் பார்த்து, “ம், போ” என்றாள். எல்லோரும் போடுகிறார்களே என்று கதிரவனும் போட்டான். அடுப்பு பற்றவைக்க வைத்திருந்த தீப்பெட்டியைச் சீனிச்சாமியே போட்டார்.

சுடலையும் பீடிக்கட்டையும் போனையும் போட்டான். கை தானாக மடியில் இருந்த தீப்பெட்டிக்குப் போனது. அங்கேதான் அவனுக்கு ஒரு நினைப்பு வந்தது. இது என்ன கம்பெனியா? கையை அப்படியே இழுத்துக்கொண்டான். மாரியக்கா அவனை மேலும் கீழும் பார்த்தாள். வாயைத் திறந்தாள். காலடியில் ஒரே சகதி. குதித்தால் தண்ணீரில்தான் போய் விழுவான். “ம், போ” என்றாள்.

பதினாறு வருசத்தில் முதல்தடவையாகச் சுடலை குதிக்காமல் போனான். பரிசலில் உட்கார்ந்ததும் அவனுக்குச் சிரிப்பு வந்தது. ராத்திரி சாப்பாடு முடிந்து எல்லோரும் வட்டமாக உட்கார்ந்திருக்கும்போது, மடியிலிருந்து தீப்பெட்டியை எடுத்துக் குலுக்கிக் காட்டுவேன், ‘யக்கா, இது எங்கிட்டுக்கூடி வந்துச்சு?’ என்று கேட்பேன், அந்த முகத்தை ஒருதரம் பார்ப்பேன் என்று முடிவு பண்ணிக்கொண்டான். மாரியக்கா வழக்கம்போல வாளியைப் பத்திரமாக வேன் முன்சீட்டில் வைத்து, கதவைச் சாத்தி, இழுத்தும் பார்த்துவிட்டுக் கடைசிப் பரிசலில் வந்தாள்.

திட்டில் இறங்கியதும் அவள் சிறுபிள்ளை ஆகிவிட்டாள். செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தாள். “ஏங்க, இங்கன வாங்க, நாரை இருக்கு!” என்று புருசனைக் கூப்பிட்டாள். கதிரவன் கொண்டுவந்த கூடாரம் குடை மாதிரி விரிந்தபோது சோலைச்சாமி, “எங்க வீட்டுக்காரிக்கு இப்படி ஒரு வீடு போதும், கோவிச்சுக்கிட்டு ஆத்தா வீட்டுக்குப் போறப்ப மடிச்சுக் கையோட எடுத்துட்டுப் போயிருவா” என்றான். மறுமுனையில் மீன்காரர்கள் எப்போதோ சமைத்த மூன்று கல் அடுப்பு ஒன்று கிடந்தது. குத்தகைக்காரர், காலையில் வருகிறேன் என்று பரிசலைத் திருப்பிக்கொண்டு போனார்.

சீனிச்சாமி கறியை மஞ்சள் போட்டுக் கழுவினார். வெங்காயம் உரித்தாகிவிட்டது. விறகு அடுக்கியாகிவிட்டது. மாரியக்கா பனைமரத்தில் சாய்ந்து, சொன்னபடி காலை நீட்டி உட்கார்ந்துவிட்டாள்.

“ஏப்பா, தீப்பெட்டியக் குடுங்க” என்றார் சீனிச்சாமி.

சோலைச்சாமி இடுப்பைத் தடவினான். அடுத்தவன் சட்டைப்பையைத் தடவினான். ஒவ்வொருத்தராகத் தடவித் தடவி, கடைசியில் எல்லோரும் ஒரே நேரத்தில் மாரியக்காவைப் பார்த்தார்கள். மாரியக்கா தன் வெறுங்கையைப் பார்த்தாள்.

“அய்யய்யோ, வாளி!”

கரையில் வேன் சின்னதாகத் தெரிந்தது. சோலைச்சாமி மண்ணில் விழுந்து உருண்டு சிரித்தான். “சிவகாசிக்காரன் பத்துப்பேரு வந்திருக்கோம், ஒருத்தன்ட்ட ஒரு தீக்குச்சி இல்ல! வெளிய சொல்லிராதீகப்பா, நாட்டுல ஒருத்தன் ஆர்டர் தர மாட்டான்!”

“போன் பண்ணிப் பரிசல வரச் சொல்லுங்க” என்றாள் அய்யம்மாள். அவளுக்கு எப்போதும் மெதுவான குரல்.

“போனு எங்கிட்டு இருக்கு? அதுவும் வாளிலதேன்!”

கரையைப் பார்த்து எல்லோரும் கத்திப் பார்த்தார்கள். ஒரு நாய் மட்டும் பதில் சொன்னது. சீனிச்சாமி இரண்டு கல்லை எடுத்து உரசினார், விரலில்தான் அடிபட்டது. கதிரவன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வெயிலில் காட்டினான். வெயிலோ பனைமரத்துக்குக் கீழே போய்விட்டது. “காமணி நேரம் முன்னாடி சொல்லியிருந்தா சூரியன நிப்பாட்டி வச்சிருப்பேன்ல” என்றான் சோலைச்சாமி. சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. பச்சைக் கறி சட்டியில் கிடந்தது. கேக் ஒன்றுதான் இருந்தது, அதையா ராத்திரிக்கு ஆளுக்கு ஒரு துண்டு தின்பது?

மாரியக்கா நீட்டிய காலை மடக்கிக்கொண்டாள். “நாந்தேன் கெடுத்தேன்” என்றாள். “ஒரு நா ஒக்காந்து திங்கணும்னு ஆசப்பட்டேன். நானே வாளிய நீட்டிட்டு நின்னுருக்கேன் பாரு, கூறுகெட்டவ.”

சுடலைக்கு மடியில் தீப்பெட்டி கனத்தது. எடுத்துக் கொடுத்தால் அவன்தான் அன்றைக்கு ராசா. தோளில் தூக்கி வைத்து ஆடுவார்கள். எழுந்தேவிட்டான். மடிக்குக் கையும் போனது.

அப்போது மாரியக்கா தலையை நிமிர்த்தி எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். “ஏலே, நெசமாவே ஒரு பயகிட்டயும் இல்லையா? ஒருத்தன்கூட ஒளிச்சு வைக்கலையா?”

“இல்லக்கா. சத்தியமா.”

அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மலர்ந்தது. வயிறு காய்ந்துகொண்டிருக்கிறது, ஆசைப்பட்ட சோறு போச்சு, ஆனாலும் அந்த முகம் அப்படி மலர்ந்தது. “பாத்தீகளா?” என்றாள் புருசனிடம். “மொதலாளி சும்மா சொல்லல. கம்பெனி இல்ல, கேட்டு இல்ல, அப்பயும் ஒரு குச்சி தாண்டல. பட்டினி கெடந்தாலும் பரவாயில்லங்க.”

சுடலையின் கை அப்படியே நின்றுவிட்டது. இந்த முகத்தைக் கவிழ்த்துப் பார்க்கத்தான் அவன் சாயங்காலமெல்லாம் காத்திருந்தான். இப்போது முடியவில்லை. இது ஒண்ணுதேன் எனக்குன்னு நான் சம்பாரிச்சது என்று பொன்னாடையோடு நின்று அவள் சொன்னது காதில் கேட்டது. கறிச் சட்டியைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். சே, பெரிய இம்சையாப் போச்சு என்று மனசுக்குள் திட்டிக்கொண்டான்.

“எங்கலே போற?” என்றான் சோலைச்சாமி.

“ஒண்ணுக்கு. வாரியா?”

மறுமுனைக்கு நடந்தான். மீன்காரர்களின் மூன்று கல் அடுப்பு அங்கேதான் கிடந்தது. குனிந்து பார்த்தான். சாம்பல் நனைந்து கெட்டியாகி, அதில் புல்லே முளைத்திருந்தது. இங்கே யார் வந்து பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டான். காய்ந்த பனையோலை ஒன்றைப் பிய்த்தான். புதருக்குப் பின்னால் உட்கார்ந்து, முதுகைக் காட்டிக்கொண்டு, குச்சியை உரசினான். சொந்தக் காசில் வாங்கிய தீப்பெட்டியைத் திருடன் மாதிரி உரச வேண்டியிருக்கிறதே என்று அதற்கும் ஒரு கோபம் வந்தது.

ஓலை சடசடவென்று பிடித்தது. தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தான். “கங்கு கெடந்துச்சுப்பா! மீன்காரன் அடுப்புல கங்கு கெடந்துச்சு! தள்ளுங்க, தள்ளுங்க!”

திட்டே கூத்தாடியது. அய்யம்மாள்கூடச் சத்தம் போட்டுக் குலவையிட்டாள், அவளுக்கு அப்படி ஒரு குரல் இருப்பது அன்றுதான் எல்லோருக்கும் தெரிந்தது. சீனிச்சாமி ஓலையை வாங்கி அடுப்பில் செருகினார். எண்ணெய் காய்ந்து, சோம்பு பொரிந்து, கறியின் மணம் தண்ணீரைத் தாண்டிக் கரைவரைக்கும் போயிருக்கும். நாய் மறுபடியும் குரைத்தது.

“மாரி, எலையப் போடட்டுமா?”

“போடுங்க.”

சீனிச்சாமி குனிந்து அவளுக்கு முதல் இலையைப் போட்டார். சோறு வைத்து, சாற்றை ஊற்றி, எலும்பாகப் பார்த்து நாலைந்து துண்டு எடுத்து வைத்தார். அவளுக்கு எலும்புதான் பிடிக்கும். பழக்கதோசத்தில் அவள் எழுந்து மற்றவர்களுக்கு வைக்கப் போனாள். மகன் தோளைப் பிடித்து உட்கார வைத்தான். முதல் வாய் வைத்ததும் எல்லோரும் அவள் முகத்தையே பார்த்தார்கள்.

“உப்பு ஒரு கல்லு கம்மி” என்றாள்.

“நாப்பது வருசமா நான் சொன்னது அம்புட்டையும் திருப்பிக் குடுக்கா பாரு!” என்று சீனிச்சாமி கரண்டியால் தலையில் அடித்துக்கொண்டார்.

அவள் மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாள். கேக் வெட்டினார்கள். பட்டாசு கொண்டுவரவில்லையா என்று கதிரவன் கேட்டதற்கு, “வாரம் பூராவும் அதுலதேன் கெடக்கோம், சனிக்கெழம ராத்திரியுமா?” என்று எல்லோரும் அவனை விரட்டினார்கள். அதற்கென்றே சொல்லிவைத்த மாதிரி ஆனைக்குட்டம் திசையில் எவனோ சாம்பிளுக்கு வானவெடி ஒன்று விட்டுப் பார்த்தான். பச்சையும் சிவப்புமாக விரிந்து, தண்ணீரிலும் விரிந்தது. “பச்ச சரியா எடுக்கல” என்றான் சோலைச்சாமி. மாரியக்கா காலை நீட்டி, கையைப் பின்னால் ஊன்றி, வாயைத் திறந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். சுடலைக்குப் பீடி இல்லாமல் வாய் நமநமத்தது. மடியில் தீப்பெட்டி இருந்து என்ன செய்ய, பீடி வாளியில் அல்லவா இருக்கிறது. ஆனாலும் வயிறும் மனசும் நிறைந்துதான் படுத்தான்.

காலையில் பரிசல் வந்தது. எல்லோரும் கூடாரத்தை மடிக்க முடியாமல் கதிரவனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். சுடலை சட்டிகளைத் தூக்கிக்கொண்டு முன்னால் இறங்கினான். மாரியக்கா கூட வந்தாள்.

“விடிய எந்திரிச்சு அந்த மொனைக்குப் போனேன்லே” என்றாள். “மீன்காரன் அடுப்பப் பாத்தேன். புல்லு மொளைச்சுக் கெடக்கு.”

சுடலை சட்டியை இறக்கி வைத்தான்.

“நேத்து சகதியா இருக்கேன்னு விட்டேன். என்னைக்கும் விட்டதில்ல.”

“யக்கா, அது வந்து...”

“சும்மா இரு.” அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். “கேட்டுல நடந்தாத்தேன் கணக்கு. இது தீவு. எடுத்துக் காமிச்சு என்னய நக்கல் அடிக்கணும்னுதான கொண்டாந்த? பெறகு ஏன்லே ஒளிஞ்சு போய் உரசுன?”

“கறி கெட்டுப்போகும்ல” என்றான் சுடலை, தண்ணீரைப் பார்த்துக்கொண்டு.

மேட்டில் சோலைச்சாமி கூடாரத்துக்குள்ளேயே மாட்டிக்கொண்டு கத்துகிற சத்தம் கேட்டது. பரிசலில் ஒரு காலை வைத்தவள் திரும்பினாள்.

“சுடல, எனக்கு ஒண்ணு செய்வியா?”

“சொல்லுக்கா.”

“நாளையிலருந்து என் எடத்துல அய்யம்மாதேன் கேட்டுல நிப்பா. அவளுக்கு ஆம்பளைகளப் பாத்து அதட்ட வராது. சோலைச்சாமி மாதிரி ஆளுக அவளக் கேலி பண்ணியே உள்ள போயிருவானுக. நீ லோடு கொண்டு வருவல்ல, எல்லாரும் பாக்குற மாதிரி அவ முன்னாடி போயி நில்லு. அவ கேக்கதுக்கு முந்தி, நீயா ஒரு குதி குதி.”